முகத்தில் ஃபில்லர் போட்டால் எத்தனை நாளில் பலன் தெரியும்?

கேள்வி: உதட்டுக்கும், மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் கோட்டுக்கும் ஃபில்லர் ஊசி போட்டு மூன்று நாள் ஆகிறது. கோடு அன்றைக்கே மறைந்துவிட்டது. உதடுதான் ரொம்பப் பெரிதாக, இடது பக்கம் தூக்கலாகத் தெரிகிறது. என் தோழிக்கு ஃபில்லர் போட்டு மூன்று மாதம் கழித்துத்தான் வித்தியாசம் தெரிந்ததாம். எது சரி? ஐந்து வாரத்தில் வீட்டில் ஒரு விசேஷம் இருக்கிறது, அதற்குள் உதடு சரியாகிவிடுமா?

பதில்: இரண்டுமே சரிதான். உங்களுக்குப் போட்டதும் தோழிக்குப் போட்டதும் ஒரே பொருளாக இருக்க வாய்ப்பு குறைவு. ஃபில்லர் என்றால் பள்ளம், கோடு, உதடு போன்ற இடங்களை நிரப்பித் தூக்கிக் காட்ட ஊசியில் போடும் பொருள். அந்தப் பெயரில் வேலை செய்யும் விதமே வேறான பல பொருட்கள் புழங்குகின்றன. எது போட்டார்கள் என்று கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிரிஞ்சு வரும் பெட்டியிலேயே பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஒன்றை உங்கள் கோப்பில் ஒட்டி வையுங்கள். பிறகு எப்போதாவது சிக்கல் வந்தால், புதிதாகப் பார்க்கும் மருத்துவருக்கு முதலில் தேவைப்படுவது அந்தத் தகவல்தான்.

உதட்டுக்குப் போடுவது பெரும்பாலும் ஹையலூரோனிக் அமில ஜெல். ஜூவிடெர்ம், ரெஸ்டிலேன் எல்லாம் இந்த வகை. இந்த அமிலம் நம் தோலிலேயே இருக்கிறது. ஆனால் அதை அப்படியே ஊசியில் ஏற்றினால் உடல் சில நாட்களிலேயே கரைத்துவிடும். அதனால் அதன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கெட்டி ஜெல்லாக்குகிறார்கள். ஜெல் போன இடத்தில் உடனே இடத்தை நிரப்புவதால்தான் உங்கள் கோடு அன்றைக்கே மறைந்தது.

ஆனால் இப்போது கண்ணாடியில் தெரிவது ஜெல் மட்டுமல்ல. ஊசி குத்திய இடத்தில் திசு வீங்கியிருக்கிறது. ஜெல் தன்னைச் சுற்றியுள்ள நீரையும் இழுத்துக்கொள்கிறது. ரத்தம் கட்டியிருந்தால் அந்தப் பருமனும் சேரும். உதட்டில் ரத்த ஓட்டம் அதிகம், திசுவும் மென்மையானது. அதனால் முகத்தில் வேறெங்கும்விட அங்கேதான் அதிகம் வீங்கும். முதல் 24 முதல் 48 மணி நேரத்தில் வீக்கம் உச்சத்துக்குப் போகும், மூன்றாம் நாளிலிருந்து இறங்கத் தொடங்கும். ஒரு வாரத்தில் பெரும்பகுதி வடிந்துவிடும், இரண்டு வாரத்தில் உதடு ஏறக்குறைய தன் உருவத்துக்கு வரும். மிச்சமிருக்கும் கொஞ்ச இறுக்கம் போக நான்கு வாரம்கூட ஆகலாம். படுத்து எழுந்ததும் வீக்கம் கூடுதலாகத் தெரிவது இயல்பு. மதியத்துக்குள் குறைந்தால் கவலை வேண்டாம்.

இடது பக்கம் தூக்கலாக இருப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். அந்தப் பக்கம் ஊசி ஒரு முறை கூடுதலாகப் போயிருக்கலாம், சிறு ரத்த நாளம் ஒன்று கசிந்திருக்கலாம். ஊசிக்கு முன்பே உங்கள் உதடு இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்ததா என்றும் பழைய படத்தைப் பாருங்கள். பலருக்கு இருக்காது, ஊசி போட்ட பிறகுதான் கவனிப்பார்கள்.

மற்ற இடங்களின் கணக்கு வேறு. கன்னத்திலும் மூக்கோரக் கோட்டிலும் வீக்கம் பொதுவாக சில நாளில் அடங்கும். மோவாய், தாடைக்கு எலும்பை ஒட்டிக் கெட்டியான ஜெல் வைப்பதால் உருவம் சீக்கிரம் தெரிந்துவிடும், ஆனால் தொட்டால் இரண்டு மூன்று வாரம் கல் போல இருக்கும். மெதுவாகத் தெளிவது கண்ணுக்குக் கீழே உள்ள பள்ளம். அங்கே தோல் மிக மெல்லிது, நிணநீர் வடிவதும் மெதுவாகத்தான். நான்கு வாரம் கழியாமல் அந்த இடத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

அடுத்து ஒன்று நடக்கும், முன்கூட்டியே தெரிந்திருந்தால் நல்லது. ஏழாம் எட்டாம் நாள் வாக்கில் 'போட்டதெல்லாம் கரைந்து போய்விட்டதே' என்று தோன்றும். கரைந்தது ஃபில்லர் அல்ல, வீக்கம். ஒரு சிரிஞ்சில் இருப்பது வழக்கமாக 1 மி.லி. தான், அதாவது ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. அதை மேலுதடு, கீழுதடு, இரண்டு கோடு என்று பிரித்தால் ஒவ்வோர் இடத்துக்கும் கிடைப்பது சொற்பம். மூன்றாம் நாள் உதட்டின் அளவு கண்ணுக்குப் பழகிவிட்டால் உண்மையான பலன் ஏமாற்றமாகத்தான் தெரியும். அந்த ஏமாற்றத்தில் உடனே இரண்டாவது சிரிஞ்சு கேட்பவர்கள்தான் அளவுக்கு மீறி ஊதிய உதட்டோடு திரும்புகிறார்கள். கூடுதல் ஊசி, திருத்தம் எதுவானாலும் இரண்டு வாரத்துக்கு முன் கேட்காதீர்கள். கேட்டதும் போட்டுவிடும் மருத்துவரைவிட, போய்விட்டு வாருங்கள் என்று அனுப்பும் மருத்துவரை நம்பலாம். கரைப்பதற்கும் இதே விதிதான். ஹையலூரோனிடேஸ் என்ற நொதியை ஊசியாகப் போட்டால் ஓரிரு நாளில் ஜெல் கரைந்துவிடும். வீக்கத்தைப் பார்த்துப் பயந்து அதைப் போட்டால் போட்டதும் வீண், கரைத்ததும் வீண்.

இனி தோழியின் மூன்று மாதக் கதை. அவருக்குப் போட்டது பாலி-எல்-லாக்டிக் அமிலமாக இருக்கலாம், ஸ்கல்ப்ட்ரா அந்த வகை. அது இடத்தை நிரப்பும் ஜெல் அல்ல. தூளை நீரில் கலந்து போடுவார்கள். அந்தத் துகள்களைச் சுற்றி உடல் புதிதாகக் கொலாஜன் (தோலுக்கு உறுதி தரும் புரதம்) வளர்க்கும், பலன் என்பது அந்தக் கொலாஜன்தான். போட்ட அன்று கன்னம் நிறைந்து தெரியும், சில நாளில் கலந்த நீர் வடிந்ததும் பழைய முகம் திரும்பிவிடும். பணம் போச்சு என்று பலர் நினைப்பது இந்தக் கட்டத்தில். வளர்ச்சி கண்ணில் படவே ஒன்றிரண்டு மாதம் ஆகும், வழக்கமாக நாலைந்து வார இடைவெளியில் இரண்டு மூன்று தடவை போட வேண்டியிருக்கும். பலன் இரண்டு ஆண்டுவரைகூட நிற்கும். வீடு போனதும் ஒரு நாளைக்கு ஐந்து முறை, ஐந்து நிமிடம், ஐந்து நாள் தடவிவிடச் சொல்வதும் இதற்குத்தான். துகள் ஓரிடத்தில் திரண்டால் கட்டி தட்டும். ஆனால் உங்களுக்குப் போட்டது ஜெல். தோழி சொன்னார் என்று நீங்கள் உதட்டைத் தடவக் கூடாது.

இரண்டுக்கும் நடுவில் கால்சியம் ஹைட்ராக்சிலபடைட் இருக்கிறது, ரேடியெஸ் அதில் ஒன்று. அதில் பெரும்பங்கு ஜெல், மீதி அந்த ஜெல் சுமந்து செல்லும் நுண்மணிகள். ஜெல்லால் உடனே பலன் தெரியும். அது இரண்டு மூன்று மாதத்தில் உறிஞ்சப்பட, அந்த இடத்தில் கொலாஜன் வளரும். நடுவில் கொஞ்சம் இறங்கியது போலத் தெரிவது இயல்பு. இதை உதட்டில் போடக் கூடாது, கட்டி கட்டும். ஹையலூரோனிடேஸாலும் இதைக் கரைக்க முடியாது. சுருக்கத்துக்குப் போடும் போட்டாக்ஸ் ஃபில்லரே அல்ல, அது மூன்று நாளுக்கு மேல் வேலை தொடங்கி இரண்டு வாரத்தில் முழுமையாகும்.

பொறு பொறு என்று இவ்வளவு சொன்னாலும் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கக் கூடாத ஒன்று உண்டு. ஜெல் ரத்த நாளத்துக்குள் போய் அடைத்தாலோ, வெளியிலிருந்து நாளத்தை அழுத்தினாலோ, அந்த நாளம் ஊட்டும் தோல் செத்துப்போகும். தோல் வெளுப்பது, வலை போட்டது போல ஊதாத் திட்டுகள் படர்வது, நேரம் ஆக ஆக வலி கூடுவது, ஓரிரு நாள் கழித்து அந்தப் பகுதியில் சிறு கொப்புளங்கள் வருவது இதன் அறிகுறிகள். வலி இல்லாமலும் வரலாம். சாதாரண ரத்தக்கட்டு குத்திய இடத்தில் திட்டாக நின்று நாளுக்கு நாள் பச்சை, மஞ்சள் என்று மாறும். அடைப்பு நாளம் போகும் வழியே மூக்கு நுனிவரை, மேலுதட்டுக்கு மேலேவரை நீளலாம். சந்தேகம் இருந்தால் விரலால் ஐந்து நொடி அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். மறுபக்கத்தைவிடத் தாமதமானால் ஐஸ் வைக்காமல், ஊசி போட்ட மருத்துவரை அப்போதே கூப்பிடுங்கள். அவர் கிடைக்காவிட்டால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பார்வை மங்கினால், கண் வலித்தால், நேராக மருத்துவமனைதான். சில நாள் கழித்து சிவப்பும் சூடும் கூடிக்கொண்டே போனாலோ காய்ச்சல் வந்தாலோ தொற்று என்று வைத்துக்கொண்டு காட்டுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தலையணையைச் சற்று உயர்த்தி மல்லாந்து படுங்கள். நீராவி, சானா வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஃபேஷியலும் பல் சுத்தம் செய்வதும் வேண்டாம். பல் சிகிச்சையில் ரத்தத்தில் சேரும் கிருமிகள் புது ஜெல்லில் தங்கிவிடக்கூடும் என்பதால் இந்த எச்சரிக்கை. இதயத்துக்காக ஆஸ்பிரின் எழுதித் தந்திருந்தால், ரத்தக்கட்டுக்குப் பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள். உதட்டுக்குள் பயறளவு கட்டி தட்டுப்பட்டால் பிசைய வேண்டாம், அநேகமாக இரண்டு வாரத்தில் தானே சமமாகும். இரண்டு நாளுக்கு ஒருமுறை அதே ஜன்னல் வெளிச்சத்தில், அதே தூரத்தில், சிரிக்காமல், வாயை மூடி ஒரு படம் எடுத்து வையுங்கள். செல்ஃபியை மிகக் கிட்டத்தில் எடுத்தால் உதடும் மூக்கும் பெரிதாகத்தான் விழும்.

விசேஷத்துக்கு ஐந்து வாரம் தாராளம். பதினான்காம் நாள் படத்தை ஊசிக்கு முந்தைய படத்தோடு ஒப்பிடுங்கள். அப்போதும் இடது பக்கம் தூக்கலாக இருந்தால் மருத்துவரிடம் காட்டி, குறைவான பக்கத்துக்குக் கொஞ்சம் ஏற்றலாமா, கூடுதல் பக்கத்தில் கொஞ்சம் கரைக்கலாமா என்று கேளுங்கள். அந்தத் திருத்தமும் தணிய இரண்டு வாரம் வேண்டும், ரத்தக்கட்டின் மஞ்சள் நிறம் மறையவே பத்து நாள் ஆகலாம். அதனால் விசேஷத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஊசிப் பேச்சை நிறுத்திவிடுங்கள். அதற்கு மேலும் ஏதாவது குறை தெரிந்தால் விசேஷம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.