பழைய 16 அடிப் படகில் வாட்டர் ஸ்கீ இழுக்க என்ன மாட்ட வேண்டும்?

கேட்டவரிடம் 1980களில் செய்த 16 அடி ஃபைபர் படகும் 50 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினும் இருக்கிறதாம். பிள்ளைகளுக்கு வாட்டர் ஸ்கீ, அதாவது காலில் பலகை மாட்டிக்கொண்டு படகு இழுக்கத் தண்ணீர்மேல் சறுக்கும் விளையாட்டு, ஆசை. நடுவில் ஒரு இரும்புக் கம்பம் நட்டால் போதுமா என்கிறார்.

கம்பத்தை விடுங்கள். முதலில் எஞ்சின் தொங்கும் பின்பலகையைப் பாருங்கள்.

நாங்கள் கனடாவின் ஒன்டாரியோவில் இருக்கிறோம். கவார்த்தா ஏரிகள் பக்கம் ஓட்டுவதற்கென்று இதே வயதுப் படகு ஒன்றை மச்சானும் நானும் வாங்கினோம். வெளியே பளபளவென்றுதான் இருந்தது. டிரெய்லரில் கட்டுவதற்காகப் பின்பலகையில் ஏற்கெனவே இரண்டு வளைய போல்ட்டுகள் இருந்தன. அதிலேயே கயிறு மாட்டிவிடலாம் என்று நினைத்தோம். ஒரு நட்டைச் சும்மா இறுக்கிப் பார்க்கப் போனேன். அது சுற்றிக்கொண்டே போனது. கழற்றினால் டீ டிகாஷன் நிறத்தில் தண்ணீர் ஒழுகியது. துளைக்குள் ஸ்குரூடிரைவரை விட்டுச் சுரண்டினேன். ஈரமான காப்பித்தூள் மாதிரி மரம் கையோடு வந்தது.

அந்தக் காலத்து ஃபைபர் படகுகளில் பெரும்பாலும் பின்பலகைக்குள்ளே பிளைவுட் இருக்கும். யாரோ எப்போதோ போட்ட ஒரு திருகு வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளே மட்டும் மக்கும், வெளியே தெரியாது. சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்றால் நல்லது, 'பொத்' என்றால் சந்தேகம். அப்புறம் எஞ்சினைச் சற்றுத் தூக்கி வைத்து, அதன் கீழ்ப்பாகத்தை அழுத்திவிடுங்கள். பின்பலகை லேசாக வளைந்தாலும் ஸ்கீ பேச்சே வேண்டாம். எங்களுக்கு உட்பக்க ஃபைபரை அறுத்து, மக்கியதை வழித்தெடுத்து, புது மரைன் பிளைவுட்டை எப்பாக்ஸி என்ற கெட்டிப் பசையில் ஒட்டி முடிப்பதற்குள் மே மாதத்துச் சனி ஞாயிறு எல்லாம் போய்விட்டது.

பின்பலகை நன்றாக இருந்தால் மீதி வேலை ஒரு மத்தியானம்தான். இரண்டு ஓரங்களிலும் எவர்சில்வர் வளைய போல்ட், உட்பக்கம் வெறும் வாஷர் இல்லாமல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு. துளை போட்டதும் அதன் உட்சுவரில் எப்பாக்ஸி தடவிக் காயவிட்டு, அதற்கு மேல் படகுக்கென்றே விற்கும் பாலியூரித்தேன் சீலன்ட். பாத்ரூம் சிலிக்கான் வேண்டாம். முன்பு இருந்தவர் அதைத்தான் அப்பியிருந்தார்.

இரண்டு வளையங்களிலும் கவட்டை மாதிரி ஒரு கயிறு மாட்டுவார்கள். அதில் ஒரு கப்பி ஓடும், கூடவே ஒரு மிதவையும் இருக்கும். ஸ்கீ ஓட்டுபவர் பக்கவாட்டில் போனால் கப்பியும் அந்தப் பக்கம் நகரும். கயிறு எஞ்சினில் உரசாது. மிதவை எதற்கென்றால், பிள்ளை விழுந்து கயிறு தொய்ந்தால் அது எஞ்சினின் விசிறியில் (புரொப்பெல்லர்) சுற்றாமல் இருக்க. இழுகயிறு வழக்கமாக 75 அடி. கயிறு கட்டும் முளையிலோ சீட் காலிலோ கட்டிவிடாதீர்கள். பிய்த்துக்கொண்டு வந்தால் அந்த இரும்பு யார் முகத்துக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

கம்பம் வேண்டாம் என்றதற்குக் காரணம் இருக்கிறது. இழுவிசை எவ்வளவு உயரத்தில் விழுகிறதோ அவ்வளவுக்கு அது நெம்புகோல் ஆகிவிடும். பழைய படகின் மெல்லிய தரை அதைத் தாங்காது. ஸ்கீ ஓட்டுபவர் ஓரத்தில் வெட்டித் திரும்பினால் சின்னப் படகு அந்தப் பக்கம் சாயவும் செய்யும்.

50 குதிரைத்திறன் போதுமா? பிள்ளைகளுக்குத் தாராளம். பெரியவர் என்றால் இரண்டு ஸ்கீ பலகையில், படகில் ஆள் குறைவாக இருந்தால் எழும்புவார். திணறினால் பிட்ச் (விசிறி ஒரு சுற்றில் முன்னே போகும் தூரம்) குறைந்த விசிறி போடுங்கள். ஓர் அங்குலம் குறைத்தால் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று கூடும். எஞ்சினின் உச்ச வரம்பைத் தாண்டக் கூடாது. 

கனடாவில் படகு ஓட்டுபவரைத் தவிர, பின்னால் பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் படகில் இருந்தே ஆக வேண்டும். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி வைத்துச் சமாளிக்க முடியாது. இழுக்கப்படுபவர் திரும்பி ஏறினால் உட்கார அவருக்கும் ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு விடியும்வரை இழுக்கக் கூடாது. உங்கள் ஊர்ச் சட்டம் வேறாக இருக்கலாம். சில அமெரிக்க மாநிலங்களில் கண்ணாடி இருந்தால் போதும்.

எதற்கும் ஒரு போல்ட்டைக் கழற்றித் துளையைச் சுரண்டிப் பாருங்கள். வரும் மரத்தூள் வெளிறி உலர்ந்திருக்கிறதா, கறுத்து ஈரமாக இருக்கிறதா என்று பின்னூட்டத்தில் படம் போடுங்கள். அதைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்கிறேன்.