கேம்பர் வேனுக்குள் புது விளக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

படுத்து, சமைத்துப் பயணிக்கும் எங்கள் கேம்பர் வேனில் 10 வாட் ஆலசன் பல்புகள் ஆறு இருக்கின்றன. எல்இடிக்கு மாறினால் பேட்டரியில் வித்தியாசம் தெரியுமா?

நன்றாகவே தெரியும். ஆறும் சேர்ந்து 60 வாட், அதாவது 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். நான்கு மணி நேரம் எரிந்தால் 20 ஆம்பியர்-ஹவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு) போய்விடும். 100 ஆம்பியர்-ஹவர் லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் இருப்பதே நல்லது. ஆக, கையில் இருக்கும் 50 ஆம்பியர்-ஹவரில் 20 போவது விளக்குக்கே. அதே இடத்தில் 2 வாட் எல்இடி ஆறு போட்டால் 4 ஆம்பியர்-ஹவரோடு முடிந்துவிடும்.

பழைய ஹோல்டரைக் கழற்ற வேண்டியதில்லை. பெரும்பாலும் அது இரண்டு ஊசி வைத்த ஜி4 பல்பாகத்தான் இருக்கும். எரியாவிட்டால் திருப்பிச் செருகிப் பாருங்கள். ஆலசனுக்கு பிளஸ், மைனஸ் கிடையாது, சில எல்இடிகளுக்கு உண்டு. அப்புறம், மூடிக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துவிட்டு வாங்குங்கள். பல்பு எரியும், மூடிதான் மூடாது என்று எழுதுபவர்கள் நிறைய.

மாற்றிய எல்இடி பல்புகள் சில மாதங்களிலேயே போய்விடுகின்றன. எல்லாமே மட்டமான சரக்கா?

சரக்கு மட்டுமே காரணமாக இருக்காது. 12 வோல்ட் என்று நாம் சொல்வது பெயருக்குத்தான். ஓய்வில் இருக்கும் நிறைந்த லெட்-ஆசிட் பேட்டரியே 12.6 காட்டும். சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும். சில புது வண்டிகளில் என்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் 15-ஐத் தொடும்.

மலிவான பல்பிலும் ஸ்ட்ரிப்பிலும் (எல்இடி பதித்த ஒட்டுப் பட்டை) மூன்று எல்இடிகளை வரிசையாகக் கோத்து, கரண்ட்டை மட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒன்பது வோல்ட்டுக்குச் சற்று மேல் போய்விடும், மீதிதான் ரெசிஸ்டரின் பங்கு. 12 வோல்ட்டில் மூன்றுக்கும் குறைவாக இருக்கும் அந்த மீதி, 14.4-இல் ஐந்தைத் தொடுகிறது. வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது, எல்இடியில் ஓடும் கரண்ட்டோ கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது. சூடு ஏறி, வெளிச்சம் மங்கி, கடைசியில் அணைந்துபோகும். பகலில் சோலார் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போது விளக்கைப் போட்டு வைப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

வாங்கும்போது '12 வோல்ட்' என்று மட்டும் எழுதியிருப்பதை விட்டுவிட்டு, '10 முதல் 30 வோல்ட்' என்று போட்டிருப்பதை எடுங்கள். உள்ளே டிரைவர் என்ற கட்டுப்பாட்டு சர்க்யூட் இருப்பதால் வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் எல்இடிக்குப் போகும் கரண்ட் ஒரே அளவில் நிற்கும். ஸ்ட்ரிப் என்றால் 12 வோல்ட்டை நிலையாகத் தரும் கன்வெர்ட்டர் ஒன்றை முன்னால் வையுங்கள்.

நீங்கள் சொல்லும் டிரைவர் வைத்த பல்புகளையே போட்டேன். இப்போது விளக்கு போட்டால் ரேடியோ இரைகிறது.

சரிதான், அந்த டிரைவரின் விலை அது! உள்ளே மிக வேகமாக கரண்ட்டை வெட்டி ஒட்டும் சர்க்யூட் இருக்கிறது. ஃபில்ட்டர் சரியில்லாவிட்டால் அந்த இரைச்சல் வயரில் ஏறி, வயரே ஆன்டெனா ஆகிவிடும். ரேடியோவை ஓடவிட்டு பல்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். பல சமயம் ஒன்றிரண்டு பல்புதான் குற்றவாளி. அந்த வயரில் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் என்ற காந்தப்பொருள் வளையம் மாட்டினால் குறையும். குறையாவிட்டால் பல்பையே மாற்றுவதுதான் வழி.

டிம்மர் போட்டால் பல்பு துடிக்கிறது. ஸ்ட்ரிப் மட்டும் ஒழுங்காக மங்குகிறது. ஏன்?

டிம்மர் செய்வது விளக்கை வேகமாக அணைத்து அணைத்துப் போடுவதைத்தான். ரெசிஸ்டர் மட்டும் உள்ள ஸ்ட்ரிப் அதற்கு அப்படியே இணங்கும். டிரைவர் உள்ள பல்போ, வெட்டுப்படும் கரண்ட்டைச் சரிசெய்யப் பார்த்துத் துடிக்கிறது. மங்கவைக்கலாம் என்று பல்பின் மேலேயே எழுதியிருந்தால் ஒழிய அதை டிம்மரில் கோக்காதீர்கள்.

எந்த நிற வெளிச்சம் நல்லது?

2700 முதல் 3000 கெல்வின் வரையிலான மஞ்சள் வெளிச்சம். 6000-க்கு மேல் வாங்கினால் மரப்பலகையும் மனித முகமும் வெளிறிப்போகும். கதவைத் திறந்து வைத்தால் பூச்சியும் கூடுதலாக வரும். சமைக்கும் மேடைக்கு மட்டும் 4000 இருக்கலாம், அங்கே நிறக்குறியீடு (சிஆர்ஐ, நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்ற அளவு) 90-க்கு மேல் உள்ளதாகப் பாருங்கள். காய் வெந்ததா கருகியதா என்று கண்ணுக்குத் தெரிய வேண்டுமே.

நிறத்தைவிட இடம் முக்கியம் என்பது என் கட்சி. கூரை நடுவில் ஒரே பெரிய விளக்கு வைத்தால், படுத்திருப்பவர் கண்ணில்தான் அது நேராக அடிக்கும். அலமாரிக்கு அடியில் மறைவாக ஒரு ஸ்ட்ரிப், தலைமாட்டில் திருப்பக்கூடிய சிறு விளக்கு, இரவில் எழுந்து நடக்கத் தரையோரம் மங்கலாக ஒரு சிவப்பு விளக்கு. இருட்டுக்குப் பழகிய கண்ணைச் சிவப்பு அதிகம் கெடுக்காது. ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்விட்ச் வேண்டும்.

ஐந்து மீட்டர் ஸ்ட்ரிப் ஒட்டினேன். கடைசி முனை மங்கலாக எரிகிறது.

ஸ்ட்ரிப்பில் உள்ள செம்புப் பட்டை மெல்லியது. போகப் போக வோல்டேஜ் விழும். இரண்டு முனையிலும் மின்சாரம் கொடுங்கள். அலுமினியச் சட்டத்துக்குள் வைத்து, சட்டத்தை ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடுங்கள். வெயிலில் சூடாகும் கூரையில் வெறும் ஒட்டுப்பசை நிற்காது.

வீட்டில் போடும் 230 வோல்ட் பல்பை இன்வெர்ட்டரில் எரிக்கலாமா?

எரியும், ஆனால் வேண்டாம். இன்வெர்ட்டர் சும்மா இருக்கவே அந்தப் பல்புக்கு ஈடாகத் தின்னும்.

எல்இடி கொஞ்சம்தானே இழுக்கிறது, ஃபியூஸ் அவசியமா?

ஃபியூஸ் பல்பைக் காக்க அல்ல, வயரைக் காக்க. வண்டி அதிர்ந்து வயரின் தோல் தகட்டில் உரசிக் கிழிந்தால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் தள்ளும். விளக்கு வரிசைக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயரும் 5 ஆம்பியர் ஃபியூஸும் தாராளம். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒற்றைக் கம்பி வயர் அதிர்வில் முறியும், பல இழை உள்ளதை வாங்குங்கள். முறுக்கி டேப் சுற்றாமல் க்ரிம்ப் (வயர் முனையை நசுக்கிப் பிடிக்கும் உலோக இணைப்பு) போடுங்கள், தகட்டில் துளை போட்ட இடத்தில் ரப்பர் வளையம் மாட்டுங்கள். இணைப்பை வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியிலிருந்து எடுக்காதீர்கள். வீட்டுப் பகுதிக்கென்று தனியாக இருக்கும் பேட்டரியிலிருந்து எடுங்கள்.