முன்னாள் படைவீரர் சங்கம் உறுப்பினர்களுக்கும் ஊருக்கும் உருப்படியாக என்ன செய்யலாம்?

நீங்கள் அண்மையில்தான் சங்கப் பொறுப்பை ஏற்றிருப்பீர்கள் என்று கேள்வியின் தொனியிலிருந்து ஊகிக்கிறேன். மரம் நடுதல், குருதிக்கொடை முகாம், கொடிநாள் வசூல் என்று ஒரு பட்டியலும் கையில் இருக்கும். அவற்றைக் குறை சொல்லவில்லை. டிசம்பர் 7 அன்று உண்டியலோடு நின்றவர்களில் நானும் ஒருவன். ஆயினும் முதல் வேலை உறுப்பினர்களின் காகிதங்களைச் சரிபார்ப்பதுதான் என்பதை நான் ஒருவருடைய மரணத்துக்குப் பிறகே கற்றேன்.

நான் செயலாளராக இருந்தபோது, ஹவில்தாராக ஓய்வு பெற்ற ஓர் உறுப்பினர் காலமானார். கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து நாற்காலிகளை அடுக்குபவர். பதக்கங்களை அணிந்து சென்று மலர்வளையம் வைத்தோம். இரங்கல் உரையை நானே ஆற்றினேன். மூன்று வாரம் கழித்து அவருடைய மனைவி ஒரு துணிப்பையில் ஆவணங்களைக் கொண்டுவந்தார். படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அந்த அம்மாவுக்கு வீட்டில் அழைக்கும் பெயர். ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் வேறு பெயர். கணவர் இருந்தபோதே படைவீரர்களின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதித் திருத்தியிருக்கக்கூடிய அந்த ஒரு பிழையால், குடும்ப ஓய்வூதியம் வந்து சேர 11 மாதங்களாயின. மாதந்தோறும் கூடிய நீங்கள் இதைப் பற்றிப் பேசவே இல்லையா என்று அந்த அம்மா கேட்டார். பேசவில்லை. மேடையில் அதிகாரிகளுக்கு எத்தனை நாற்காலி, அவர்களுக்கு அடுத்த நிலையிலுள்ள ஜே.சி.ஓ.க்களுக்கு எத்தனை என்பதைத்தான் அந்த ஆண்டு முழுவதும் பேசிக்கொண்டிருந்தோம்.

அதன்பின் ஒரு கூட்டத்தை இதற்கென்றே ஒதுக்கி, ஒவ்வொருவரும் டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணை, ஆதார் ஆகியவற்றோடு மனைவியையும் அழைத்துவர வேண்டும் என்றோம். மனைவியர் வந்ததால்தான் பிழைகள் வெளிப்பட்டன. கணவன்மார் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சாதித்துக்கொண்டிருந்தார்கள். ஓய்வுக்குப் பின் இறந்தவரின் மனைவிக்கு உயர்த்தப்பட்ட குடும்ப ஓய்வூதியம் 7 ஆண்டுகள் வரையோ, கணவர் உயிரோடிருந்தால் 67 வயதை எட்டியிருக்கும் நாள் வரையோ, எது முந்தியதோ அதுவரைதான் என்பதையும், பிறகு அது கடைசிச் சம்பளத்தின் 30 சதவீதமாகக் குறையும் என்பதையும் அன்றே விளக்கினோம். இது தெரியாமல், தொகை குறைந்தவுடன் யாரோ ஏமாற்றிவிட்டதாகப் பதறுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இது இடைத்தரகர் வேலை, சங்கத்துக்கு அழகல்ல என்று சிலர் சொல்வார்கள். எங்கள் கூட்டத்திலேயே சொன்னார்கள். காசு வாங்காமல், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகும் வழியைக் காட்டுவது எப்படித் தரகாகும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஒன்றில் கண்டிப்பாக இருங்கள்: படை ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் எவருடைய கடவுச்சொல்லையும் சங்கத்தின் நோட்டில் எழுதி வைக்காதீர்கள்.

ஊருக்கு என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். எங்கள் உறுப்பினர்களின் வாழ்நாள் சான்றிதழுக்காக வாங்கிய கைரேகைக் கருவியை ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும் பிற அரசு ஓய்வூதியர்களுக்கும் திறந்துவிட்டோம். கைரேகை வைத்து வாழ்நாள் சான்றிதழை இணையவழியில் தரும் ஜீவன் பிரமாண் வசதி 2014 முதலே இருந்தாலும், அலுவலகப் படிகளில் ஏறிக்கொண்டிருந்த முதியவர்கள் பலர். இந்த ஒன்றால் வந்த மதிப்பு, பத்தாண்டு அணிவகுப்புகளால் எங்களுக்கு வரவில்லை.

எங்களிடமும் ஒரு குறை தீராமல் கிடக்கிறது. 2022இல் அறிவிக்கப்பட்ட, முப்படைகளுக்கு வீரர்களைச் சேர்க்கும் அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் அதிகபட்சம் 25 சதவீதத்தினரே நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். மற்றவர்கள் 4 ஆண்டு முடித்து ஓய்வூதியமின்றித் திரும்புவார்கள். ஓய்வூதியம் பெறுபவரே உறுப்பினர் என்கிறது எங்கள் விதி. அதைத் திருத்தும் தீர்மானம் இருமுறை தள்ளிப்போய்விட்டது. இரண்டு முறையும் நேரத்தைத் தின்றது அந்த நாற்காலித் தகராறுதான்.