சீலிங்குக்கு மேல் ஆள் பூர இடமில்லை. வெக்கையைக் குறைக்க நானே இன்சுலேஷன் போடலாமா?

உங்கள் கேள்வியில் இருக்கும் விபரம் இது: மாங்குளத்துக்குப் பக்கத்தில் வீடு, அஸ்பெஸ்டோஸ் சீற் கூரை, கீழே மரச்சட்டத்தில் அடித்த தட்டையான சீலிங். நடு முகட்டின் கீழ் இரண்டடி, மூன்றடி இடைவெளி இருக்கிறது. தாவாரப் பக்கம் போகப் போக ஒரு சாண்கூட இல்லை. மதியத்தில் அறைக்குள் இருக்க முடியவில்லை. கனடாவில் இருக்கும் அண்ணா மேலே சூட்டை மறிக்கும் பஞ்சு நிரப்பச் சொல்கிறார். மேசன் வந்து பார்த்துவிட்டு "உதுக்குள்ள ஆர் பூருறது" என்று போய்விட்டார்.

செய்யலாம். ஆனால் மேசன் சொன்னதும் சரிதான், அதற்குள் யாரும் பூரத் தேவையில்லை. நான் மல்லாவிப் பக்கம். மரவேலை செய்கிற மச்சானோடு சேர்ந்து எங்கள் வீட்டுக்கும் சொந்தக்காரர் வீடுகள் சிலதுக்கும் இந்த வேலையைச் செய்திருக்கிறோம். ஒரு வீட்டிலும் ஆள் மேலே ஊர்ந்து போகவில்லை.

காசு செலவழிக்க முன் ஒன்றைப் பாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு ஒரு கதிரையில் ஏறிச் சீலிங்குக்குக் கீழே கையைப் பிடியுங்கள், தொட வேண்டாம். அடுப்புக்கு முன் நிற்பதுபோல் உள்ளங்கையில் சூடு படுகிறதென்றால் வெக்கை கூரையிலிருந்துதான் வருகிறது. பிறகு இரவு ஒன்பது மணிக்கு அதே இடத்தில் பிடித்துப் பாருங்கள், மேற்குச் சுவரையும் தொட்டுப் பாருங்கள். சீற் மெல்லியது, பொழுதுபட்டதும் சீக்கிரம் ஆறிவிடும். சீலிங் ஆறிய பிறகும் அறை அவிகிறது, சுவர் சுடுகிறது என்றால், பகல் வெயிலைக் குடித்து வைத்திருப்பது உங்கள் சீமெந்துக் கல் சுவர். அதற்கு, சீலிங்குக்கு மேலே என்ன போட்டும் பிரயோசனமில்லை. மேற்குப் பக்கம் ஒரு பத்தி (சாய்ப்பு) இறக்குவதோ பந்தல் போட்டுக் கொடி படர விடுவதோதான் வழி. நிறைய வீடுகளில் இரண்டும் கலந்துதான் இருக்கும். எது கூட என்று தெரிந்தால் காசை எதில் போடுவது என்று முடிவெடுக்கலாம்.

அண்ணா சொல்வது அவருடைய ஊருக்குச் சரி. அங்கே வீட்டுக்குள் மூட்டிய சூடு மேலே போய்விடாமல் மறிக்க வேண்டும், அதனால் ஓர் அடிக்கு மேல் உயரமாகப் பஞ்சை ஊதி நிரப்புவார்கள். நமக்கு எதிர்த்திசை. வன்னியில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களிலும் அதிகம் விலகிப் போவதில்லை. வெயிலில் கிடக்கும் பழைய கறுத்த சீற் 60 பாகை செல்சியஸைத் தாண்டும். சூடான காற்று மேலே நிற்கும், கீழே இறங்காது. ஆகவே கூரையிலிருந்து சீலிங்குக்கு வரும் சூட்டில் பெரும்பகுதி கதிர்வீச்சாகவே வருகிறது. கதிர்வீச்சை மறிக்கத் தடித்த பஞ்சு தேவையில்லை. பளபளப்பான ஒரு மெல்லிய அலுமினிய ஃபொயிலும் அதை ஒட்டிக் கொஞ்சம் காற்று இடைவெளியும் இருந்தால் போதும். கிட்டமுடியாத இடத்துக்குள் தள்ளவும் ஃபொயில்தான் வசதி.

ஆனால் ஃபொயிலுக்கு முன்னால் செய்ய வேண்டியது காற்று. வீட்டின் இரண்டு தலைப்பிலும் முகடு வரை எழும்பும் முக்கோணச் சுவர் இருக்கிறதல்லவா, அதில் முகட்டுக்குக் கிட்டவாக வெளியிலிருந்து ஏணி வைத்து ஓட்டை எடுத்து, காற்றோட்டக் கல் பதியுங்கள். இரண்டு பக்கமும் வேண்டும், ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று ஓடாது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை அடிக்கிற சோளகம் தென்மேற்கிலிருந்து வரும். அந்தப் பக்கத்தைப் பார்த்த சுவர் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். உள்பக்கம் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை அடித்துவிடுங்கள், வௌவாலும் மரநாயும் வராது. நுளம்பு வலை அடிக்காதீர்கள், ஒரு சோளகத்திலேயே செம்மண் புழுதி அடைத்துவிடும். இதை மட்டும் செய்துவிட்டு ஒரு மாதம் இருந்து பாருங்கள் என்றுகூடச் சொல்வேன்.

அடுத்தது கூரைக்கு வெள்ளை. கறுத்த சீற்றுக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் வெயிலில் பெரும்பங்கு சீற்றுக்குள் இறங்காமலே திரும்பிப் போகும். சுண்ணாம்பு மலிவு, ஆனால் ஒவ்வொரு மாரியிலும் கழுவுண்டு போகும். வெளிச்சுவருக்கு அடிக்கும் அக்ரிலிக் வகைப் பூச்சு சில வருடம் நிற்கும். மாரி முடிந்து சீற் காய்ந்த மாசி, பங்குனி இதற்கு நல்ல காலம். பீலித் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக் குடிக்கிற வீடு என்றால், பூச்சு அடித்த பிறகு வருகிற முதல் மழைகளைத் தொட்டிக்குள் விடாதீர்கள்.

இங்கே கட்டாயம் கவனிக்க வேண்டியது அஸ்பெஸ்டோஸ். எல்லா வகை அஸ்பெஸ்டோஸும் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் வகைப்படுத்தியிருக்கிறது. நம் நாட்டில் 2018 ஜனவரியிலிருந்து இறக்குமதியைக் கட்டுப்படுத்தப் போவதாகச் சொன்னார்கள். 2017 டிசம்பரில் ரஷ்யா நமது தேயிலைப் பெட்டியில் வண்டு கண்டதாகச் சொல்லித் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டோஸ் விற்கிற நாடும் அதுதான். நம் அரசாங்கம் பேசாமல் பின்வாங்கிவிட்டது. ஆக அது நம் தலைக்கு மேல் இன்னும் கொஞ்சக் காலம் இருக்கும். சும்மா கிடக்கிற சீற்றால் ஆபத்து குறைவு. வெட்டினால், துளைத்தால், கம்பித் தூரிகையால் உரஞ்சினால், பிறஷர் மெஷினால் கழுவினால்தான் நார் பறக்கும். ஆகவே பாசியை நனைத்து மென்மையாகத் துடையுங்கள், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். சுழலுகிற வென்ரிலேற்றர் வைக்க சீற்றை வெட்டித் தருகிறேன் என்று யாரும் வந்தால் திருப்பி அனுப்புங்கள். சீற்றில் நேரே கால் வைத்து நடக்கவும் கூடாது. பழசு எந்த அறிவிப்பும் இல்லாமல் உடையும். ஆணி வரிசை போகிற இடத்தின் மேல் நீளப் பலகை போட்டு, அதில்தான் நிற்க வேண்டும்.

இனி ஃபொயில். ஹாட்வெயார் கடைகளில் றோலாக வரும், மெல்லிய ஃபோம் ஒட்டியது நல்லது. வெறும் ஃபொயில் தள்ளும்போது கிழியும். பளபளப்பான பக்கம் எதிலாவது ஒட்டிக் கிடந்தால் வேலை செய்யாது, அலுமினியம் சூட்டைத் தானே கடத்திவிடும். பளபளப்பான பக்கத்துக்கு எதிரே குறைந்தது ஓர் அங்குலம் காற்று இருக்க வேண்டும். உங்கள் சீலிங் சட்டம் இரண்டு அங்குலக் கட்டை என்று வைத்துக்கொள்வோம். ஃபொயிலை அந்தச் சட்டங்களின் மேல் படுக்க விட்டால், அதற்கும் சீலிங் பலகைக்கும் நடுவில் இரண்டு அங்குல இடைவெளி தானாகவே கிடைக்கிறது. பளபளப்பைக் கீழ்ப்பக்கம் வையுங்கள். பலர் மேலே பார்க்க வைக்கிறார்கள், அப்படி வைத்தால் முதல் வருடம் நன்றாக இருக்கும், பிறகு தூசி படிந்து குணம் குறையும். கீழே பார்த்தால் தூசி படியாது. பளபளப்பான பரப்பு சூட்டைத் திருப்பி அனுப்புவதைப் போலவே தன்னிடமுள்ள சூட்டையும் கீழே விடாது, அதனால் கீழே பார்த்தாலும் அதே பலன்தான்.

உள்ளே போகாமல் போடுவது எப்படி? நடு முகட்டுக்கு நேர் கீழே உள்ள சீலிங் பலகை வரிசையை மட்டும் கழற்றுங்கள். கீழே உறுதியான சாரம் போட்டு, அந்த இடைவெளியால் தோள் வரை மேலே நின்றால் இரண்டு பக்கத் தாவாரமும் கைக்கெட்டும் திசையில் இருக்கும். அங்கிருந்து சுவர் வரை உள்ள தூரத்துக்கு ஃபொயில் துண்டுகளை நிலத்திலேயே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். துண்டின் முன் விளிம்பில் அதே அகலத்துக்கு மெல்லிய சிலாகை ஒன்றை ரேப்பால் சுற்றிக் கட்டி, அதன் நடுவில் வயர் இழுக்கிற பிவிசி கொண்டியூற் பைப்பைச் சேர்த்துக் கட்டித் தள்ளினால், துண்டு சட்டங்களின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். சிலாகை அங்கேயே பாரமாகக் கிடக்கட்டும், பைப்பை மட்டும் ஒரு திருகு திருகி உருவுங்கள். பைப்பை இறுக்கிக் கட்டாமல் உறைபோல் ஒரு ரேப் வளையத்துக்குள் செருகினால்தான் உருவ வரும், இது மச்சானின் மூளை. அடுத்த துண்டு முதல் துண்டின் மேல் மூன்று, நாலு அங்குலம் ஏற வேண்டும். சுவர் ஓரத்தில் தாவாரக் காற்று உள்ளே வருகிற வழியை ஃபொயிலால் அடைத்துவிடாதீர்கள், அந்தக் காற்றுதான் நீங்கள் முகட்டில் எடுத்த ஓட்டையால் வெளியே போக வேண்டியது.

சீலிங் பலகையும் அஸ்பெஸ்டோஸ் தட்டைச் சீற்றாக இருந்தால் அவசரப்படாதீர்கள். ஆணியைக் கெந்தி இழுத்தால் உடையும். தண்ணீர் தெளித்து நனைத்து, ஓரத்து மரப் பட்டியைக் கழற்றி, முழுச் சீற்றாக இறக்க முடிந்தால் மட்டும் செய்யுங்கள். முடியாதென்றால் முக்கோணச் சுவரில் எடுத்த ஓட்டை வழியாக ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புக்குக் கயிறு விட்டு இழுக்கலாம், ஆனால் நடுச் சுவர்கள் கூரை வரை எழும்பாத வீடாக இருக்க வேண்டும்.

குசினியில் விறகடுப்பு எரிகிறதென்றால் அந்தப் பகுதிக்கு ஃபொயில் வீண்செலவு. புகைக்கரி படிந்து கறுத்துவிடும். அங்கே காற்றோட்டம் மட்டும் போதும்.

கரண்டைப் பற்றி. ஃபொயில் மின்சாரத்தைக் கடத்தும். ஆஸ்திரேலியாவில் 2009, 2010 காலத்தில் அரசாங்கமே காசு கொடுத்து வீடுகளுக்கு இன்சுலேஷன் போட வைத்தபோது நான்கு இளைஞர்கள் செத்தார்கள். மூன்று பேர் மின்சாரம் தாக்கி, ஒருவர் கூரைக்குள் வெக்கை தாங்காமல். ஃபொயிலை உலோக ஸ்ரேப்பிளால் அடித்தபோது வயரைத் துளைத்ததும் அதில் இருந்தது. நம் வீடுகளில் எலி கடித்த வயர் சீலிங்குக்கு மேல் அவிழ்ந்து கிடப்பது சாதாரணம். மெயினை நிறுத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சூரிய மின்கலமோ இன்வேட்டரோ இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். வயர்கள் கொண்டியூற் பைப்புக்குள் போகவில்லையென்றால் முதலில் மின்சாரம் தெரிந்த ஒருவரைப் பிடித்து அதை முடியுங்கள். உலோக ஸ்ரேப்பிள் வேண்டவே வேண்டாம், ரேப் போதும். வேலை முடிந்ததும், கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற ட்ரிப் சுவிட்சின் ரெஸ்ற் பொத்தானை அழுத்திப் பாருங்கள், விழாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

ரெஜிபோம் (தெர்மோகோல் என்கிற வெள்ளைப் பலகை) போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். எனக்கு விருப்பமில்லை. சூட்டை நன்றாகவே மறிக்கும். ஆனால் தீப்பிடித்தால் உருகி எரிந்து சொட்டும், எறும்பு குடைந்து கூடு கட்டும், பிவிசி வயரோடு ஒட்டிக் கிடந்தால் வயரின் உறை காலப்போக்கில் விறைத்து வெடிப்பு விழும். பஞ்சு பரவாயில்லை. ஃபொயில் போட்ட பிறகும் போதவில்லையென்றால் பிளாஸ்ரிக் உறைக்குள் வருகிற 50 மில்லிமீற்றர் கண்ணாடிப் பஞ்சை அதே பைப் முறையில் தள்ளலாம். சட்டங்களின் மேல் கிடக்கிற ஃபொயிலின் மேலேதான் அது போக வேண்டும், இடைவெளிக்குள் திணித்தால் ஃபொயிலின் வேலை கெட்டுவிடும். பெரிய வேலையை முதல் 50தான் செய்யும். இன்னொரு 50 போட்டால் மிச்சமாக வந்துகொண்டிருந்த சூட்டில் ஏறக்குறையப் பாதிதான் குறையும். அமுக்கித் திணித்தால் அதுவும் இல்லை.

வேலையை விடியக் காலையில் தொடங்கி எட்டரைக்குள் இறங்கிவிடுங்கள். அதற்குப் பிறகு சீற்றுக்குக் கீழ் தலையை நீட்டுவதே ஆபத்து. சாதாரணத் துணி மாஸ்க் போதாது, என்95 தரத்துக்குக் குறையாதது வேண்டும். முழுக்கைச் சட்டை, கண்ணாடி, தலையில் கட்டுகிற ரோச். பலகையைக் கழற்றியவுடன் கையை விடாமல் முதலில் ரோச் அடித்துப் பாருங்கள். குளவிக்கூடு இருக்கலாம், எலி இருக்கிற இடத்தில் சாரையும் இருக்கும். எங்கள் பெரியம்மா வீட்டில் பலகையோடு சேர்ந்து சாரை கழற்றிய செட்டைதான் முதலில் விழுந்தது. மச்சான் அன்றைக்கு வேலை செய்யவில்லை.

இரவில் சன்னல்களைத் திறந்து வைக்கப் பழகுங்கள். மேலே மறித்துவிட்டால் அறைக்குள் இருக்கிற சூடும் மேலே போகாது.

ஓட்டுக் கூரைக்கும் இதே முறைதான், ஓடுகளுக்கிடையில் காற்று கசிவதால் தேவை கொஞ்சம் குறைவு. ஆனால் எந்தக் கூரையானாலும் ஒழுக்கு இருந்தால் முதலில் அதை அடையுங்கள். ஃபொயிலின் மேல் விழுகிற தண்ணீர் ஓடிப்போய் வேறோர் அறையில் சொட்டும், எந்த ஆணியால் ஒழுகுகிறதென்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. முடிந்தால் ஒரு மாரியில் சீலிங்கில் ஈரம் படிகிற இடங்களுக்கெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டு வைத்து, அவற்றுக்கு நேர் மேலே உள்ள ஆணி வொஷர்களை மாற்றிவிட்டு, அடுத்த பங்குனியில் ஃபொயில் வாங்கப் போங்கள்.