காணாமல் போன ஜே-சை

கேள்வி: ஈய அணுக்கருக்களை மோதவிட்டால் ஜே-சை துகள்கள் குறைகின்றன, அதனால் குவார்க்-குளுவான் பிளாஸ்மா உண்டாகியிருக்கிறது என்கிறார்கள். அந்த ஜே-சையை வழியில் இருந்த புரோட்டானும் நியூட்ரானும் விழுங்கியிருக்கலாமே?
- இயற்பியல் மாணவி, திருப்பாதிரிப்புலியூர்

சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். இந்தச் சந்தேகம்தான் இந்தத் துறையைப் பல வருஷம் தூங்கவிடாமல் செய்தது.

புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் உள்ளே இருக்கும் துகள் குவார்க், அவற்றை ஒட்டிவைப்பது குளுவான். கடும் வெப்பத்தில் இரண்டும் கட்டவிழ்ந்து திரியும் குழம்புதான் குவார்க்-குளுவான் பிளாஸ்மா. ஜே-சை என்பது சார்ம் என்ற கனமான வகைக் குவார்க் ஒன்றும் அதன் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த ஜோடி. 1974 நவம்பரில் சாமுவேல் டிங் குழுவும் பர்ட்டன் ரிக்டர் குழுவும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். கனமான குவார்க் என்பதால் மோதலின் முதல் கணத்திலேயே பிறந்துவிடும், அப்புறம் நடக்கும் அத்தனையையும் கடந்துதான் வெளியே வரவேண்டும். பிளாஸ்மா உண்டானால் சுற்றியிருக்கும் குவார்க், குளுவான் கூட்டம் அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஈர்ப்பை மறைத்துவிடும், ஜோடி பிரிந்துபோகும் என்று 1986-ல் மட்சுயியும் சாட்ஸும் எழுதினார்கள்.

நீங்கள் கேட்ட விழுங்கலும் உண்மைதான். அதைத் தனியாக அளக்க, புரோட்டானை மட்டும் ஓர் அணுக்கருவில் மோதவிட்டுப் பார்த்தார்கள். பெரிய பிளாஸ்மா அங்கே உருவாகாது என்பதால் அதில் குறைவது அணுக்கருவின் கணக்கு. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் என்ஏ50 என்ற குழு இப்படிச் சிறிய கரு, பெரிய கரு என்று மாற்றி மாற்றி அளந்து, ஈயமும் ஈயமும் நேருக்கு நேர் மோதும்போது அந்தக் கணக்கையும் தாண்டிக் குறைவதைக் காட்டியது. என்னைக் கேட்டால், பரபரப்பான ஈய மோதலைவிட யாரும் பேசாத இந்தப் புரோட்டான் அளவீடுதான் பெரிய உழைப்பு, அது இல்லாமல் எதையும் சொல்லியிருக்க முடியாது.

அப்புறம்தான் குழப்பம். ஆற்றல் கூடினால் பிளாஸ்மாவும் சூடாகி, ஜே-சை இன்னும் குறைய வேண்டும் அல்லவா? அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் பத்து மடங்குக்கு மேல் ஆற்றலில் தங்க அணுக்கருக்களை மோதவிட்டால் குறைவு ஏறக்குறைய அதே அளவுதான். செர்னின் எல்எச்சி என்ற பெரிய துகள் முடுக்கியில் ஆற்றல் இன்னும் பத்து மடங்குக்கு மேல், ஆனால் மெதுவாகப் போகும் ஜே-சைகளில் குறைவு புரூக்ஹேவனைவிடவும் கம்மி!

தேவனாம்பட்டினத்தில் மாசி மகத்தன்று கரையில் கழற்றிவிட்ட செருப்பை நினைத்துப் பாருங்கள். கூட்டம் மிதித்துக் கலைத்துவிட்டது, ஒரே ஒரு ஜோடிதான் என்றால் இடதும் வலதும் மறுபடி சேராது. அதே அளவு, அதே நிறத்தில் நூறு ஜோடி கிடந்தால்? எந்த இடதும் எந்த வலதோடும் ஜோடிதான். எல்எச்சியில் நேருக்கு நேரான ஒரு மோதலிலேயே சார்ம் ஜோடிகள் நூறு அளவுக்குப் பிறக்கின்றன, பிரிந்தவை பிளாஸ்மா ஆறும்போது புதிய துணையோடு சேர்ந்து ஜே-சை ஆகின்றன. தவிர, அந்த வேகத்தில் குவார்க் ஜோடி முழு ஜே-சையாக உருவாவதற்குள் அணுக்கருக்கள் ஒன்றையொன்று கடந்து போய்விடும், அதனால் உங்கள் விழுங்கல் அங்கே பெரிய விஷயமே இல்லை.

கேள்வி: இந்த ஆராய்ச்சியில் நம் நாட்டுக்குப் பங்கு உண்டா?
- வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

நிறைய உண்டு. நூறு ஜே-சையில் ஆறு மட்டுமே, எலக்ட்ரானின் கனமான உறவான மியூவான்கள் இரண்டாகச் சிதையும், அவற்றைப் பிடித்து எண்ணுகிறார்கள். எல்எச்சியின் ஆலிஸ் கருவியில் அந்த மியூவான் தடங்களை முதலில் படித்த ‘மானஸ்’ சில்லு கொல்கத்தா சாகா அணு இயற்பியல் ஆய்வு நிறுவனம் வடிவமைத்தது.