ஸ்விட்சைப் போட்ட பிறகு: வால்வு கிட்டார் ஆம்ப் கேள்வி–பதில்

கேள்வி: வால்வுகள் சூடானதும் காதைத் துளைக்கும் கீச்சொலி எழுகிறது. வால்யூமை முழுவதும் குறைத்தாலும் நிற்பதில்லை.

நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பங்கை எதிர்த்திசையில் திருப்பிக் கொடுக்கும் இணைப்பு) தலைகீழாகச் சேர்ந்து பாசிட்டிவ் ஃபீட்பேக்காகியிருக்க வேண்டும். ஃபீட்பேக் கம்பியை ஒரு முனையில் கழற்றிவிட்டு இயக்கிப் பாருங்கள். கீச்சொலி அடங்கினால், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இரு பவர் வால்வுகளின் பிளேட்டுகளுக்கும் (உள்ளே இருக்கும் உலோகத் தகடுகள்) செல்லும் கம்பிகளை ஒன்றுக்கொன்று இடம் மாற்றி சால்டர் செய்து, ஃபீட்பேக்கை மறுபடியும் இணைத்துவிடுங்கள். தொடுவதற்கு முன் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் (மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்குபவை) தேங்கிய மின்சாரம் வடிந்துவிட்டதா என்று மீட்டரை வைத்துப் பாருங்கள்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 400 வோல்ட் அங்கேயே தங்கியிருக்கக்கூடும்.

கேள்வி: ஸ்பீக்கர் இல்லாமல் சோதிக்கலாமா?

கூடாது. ஸ்பீக்கரோ அதற்கு ஈடான லோட் ரெசிஸ்டரோ இல்லாமல் சிக்னல் கொடுத்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பலியாகிவிடும்.

கேள்வி: ஹம் (ஆம்பின் ரீங்காரம்) அதிகமாக இருக்கிறது. என்ன செய்வது?

எந்த ஹம் என்று நீங்கள் எழுதவில்லை. வால்யூமோடு அது கூடிக் குறைகிறதா என்பதையும் எழுதவில்லை. மீட்டர் இல்லாமலேயே ஒரு சோதனை செய்யலாம். கிட்டாரின் ஆறாவது கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் மீட்டினால் ஏறத்தாழ 98 ஹெர்ட்ஸ் சுருதி வரும். ஹம் அதனோடு இயைந்தால் அது 100 ஹெர்ட்ஸ்: ரெக்டிஃபையருக்குப் (ஏசி மின்சாரத்தை டிசியாக்கும் பகுதி) பிந்தைய ஃபில்டரிலோ கிரவுண்ட் இணைப்பிலோ கோளாறு. அதைவிட ஒரு ஸ்தாயி கீழே, மழுங்கலாக ஒலித்தால் அது 50 ஹெர்ட்ஸ்: பெரும்பாலும் ஹீட்டர் கம்பிகள்தான் (வால்வைச் சூடாக்கும் இழைக்குச் செல்பவை) காரணம். (மின்வழங்கல் 60 ஹெர்ட்ஸாக உள்ள நாடுகளில் ஐந்தாவது கம்பி, இரண்டாவது ஃபிரெட்.) ஹீட்டர் கம்பிகளை இறுக்கமாக முறுக்கிச் சேஸியின் மூலையோடு ஒட்டிக் கொண்டுசெல்லுங்கள். ஹீட்டர் வைண்டிங்கில் சென்டர் டேப் (நடு இணைப்பு) இல்லையென்றால், இரு முனைகளிலிருந்தும் தலா ஒரு 100 ஓம் ரெசிஸ்டரைக் கிரவுண்டுக்குக் கொடுங்கள்.

கேள்வி: இரு இஎல்34 பவர் வால்வுகளில் ஒன்றின் பிளேட் சிவந்துவிடுகிறது. வால்வு பழுது என்று கருதிப் புதியது போட்டேன், அதுவும் சிவந்தது. இன்னொரு தயாரிப்பை வாங்கலாமா?

வாங்க வேண்டாம். மாதந்தோறும் வரும் கடிதங்களில் பாதி இதே கதைதான்: மீட்டரைக் கையில் எடுக்காமல் வால்வை மாற்றுவது, அது போதாதென்று கெப்பாசிட்டரை மாற்றுவது, கடைசியில் சர்க்யூட் படத்தைக் குறை சொல்வது. இரு வால்வுகளையும் சாக்கெட் மாற்றிச் செருகிப் பார்த்திருந்தாலே விடை பாதி கிடைத்திருக்கும். சிவப்பு அதே சாக்கெட்டில் நின்றால் வால்வின் மேல் குற்றமில்லை.

இரு பவர் வால்வுகளையும் கழற்றிவிட்டு, ஆம்பை இயக்கி, ஒவ்வொரு சாக்கெட்டிலும் 5ஆம் முனையில் கிரிட் (வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) வோல்டேஜை அளந்து பாருங்கள். உங்கள் பயாஸ் (கிரிட்டுக்குத் தரும் நிலையான மைனஸ் வோல்டேஜ்) அமைப்புக்கு அங்கே மைனஸ் 35 முதல் 40 வோல்ட் வரை இருக்க வேண்டும். இரண்டிலும் இல்லையென்றால் பயாஸ் சப்ளையே பழுது. அதன் கெப்பாசிட்டரின் பாசிட்டிவ் முனைதான் கிரவுண்டுக்குச் செல்ல வேண்டும் என்பதைப் புதிதாகக் கட்டுவோர் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒன்றில் மட்டும் மைனஸ் குறைந்திருந்தால், அதற்கு முந்தைய கப்ளிங் கெப்பாசிட்டர் (சிக்னலை விட்டு டிசியைத் தடுக்க வேண்டியது) டிசியைக் கசியவிடுகிறது. ஒன்றில் சுழியாக இருந்தால் 220 கிலோஓம் கிரிட் ரெசிஸ்டரின் சால்டரைச் சந்தேகியுங்கள். நான் கட்டிய ஆம்ப் ஒன்றில் அந்த இணைப்பு மேலே பளபளவென்றுதான் இருந்தது. மரக்குச்சியால் அழுத்தினால் மைனஸ் 38 வோல்ட் வரும், குச்சியை எடுத்தால் போய்விடும். நல்ல வால்வு ஒன்றைத் தூக்கியெறிந்த பிறகே அதைக் கண்டுபிடித்தேன் என்பதால்தான் இவ்வளவு கோபம்.

கோளாறு தீர்ந்த பின் பயாஸை அமைக்க, கேத்தோடுக்கும் (வால்வில் எலக்ட்ரான்களை வெளியிடும் முனை) கிரவுண்டுக்கும் இடையே 1 ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். அதன் மேல் 1 மில்லிவோல்ட் என்றால் 1 மில்லிஆம்ப். இஎல்34 தாங்குவது 25 வாட். அதில் 70 சதவீதம் என்றால், பிளேட்டில் 400 வோல்ட் இருக்கும்போது சுமார் 44 மில்லிஆம்ப். நான் 40க்குக் கீழேயே வைப்பேன்.

கேள்வி: முதல் முறை இயக்கும்போது பாதுகாப்புக்காக மின்வழங்கலோடு தொடராக இணைக்கும் பல்புக்கு எல்இடி பல்பு போதுமா?

போதாது. ஆம்பில் கோளாறு இருந்தால் இழை சூடாகி ரெசிஸ்டன்ஸ் ஏறி, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதுதான் அந்த உத்தியின் உயிர். எல்இடியில் இழையே இல்லை. 60 வாட் இழை பல்பைத் தேடிப் பிடியுங்கள்.

கேள்வி: வால்யூமைத் திருப்பினால் கரகரக்கிறது. பொட் (வால்யூம் திருகின் ரெசிஸ்டர்) புதியதுதான்.

பொட்டில் டிசி வருகிறது. முந்தைய நிலையின் கப்ளிங் கெப்பாசிட்டர் கசிகிறதா என்று அளந்து பாருங்கள்.

கேள்வி: 12ஏஎக்ஸ்7 ப்ரீஆம்ப் வால்வு மங்கலாகவே எரிகிறது, ஒலியும் மெலிந்திருக்கிறது. ஹீட்டர் வோல்டேஜ் 6.3 சரியாக உள்ளது.

அளவை எழுதிய ஒரே வாசகர் நீங்கள், நன்றி. 6.3 வோல்ட்டை 4, 5 முனைகளுக்குக் கொடுத்திருப்பீர்கள். அவை 12.6 வோல்ட்டுக்கானவை. 4ஐயும் 5ஐயும் ஒன்றாகச் சேர்த்து ஒரு கம்பி, 9ஆம் முனைக்கு மற்றொரு கம்பி. கெப்பாசிட்டர்களை வடித்துவிட்டுச் செய்யுங்கள்.