போனில் 90, லேப்டாப்பில் 9: ரவுட்டரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: பெரம்பூரில் பழைய கட்டடம், சொந்த வீடு. ஹாலில் ஃபைபர் மோடம், 100 எம்பிபிஎஸ் பிளான். ஹாலில் உட்கார்ந்து போனில் சோதித்தால் 90 வருகிறது. உள் அறையில் மகள் லேப்டாப்பில் ஆன்லைன் வகுப்பு பார்க்கிறாள். அதில் 9ஐத் தாண்டுவதில்லை, வீடியோ நின்று நின்று வருகிறது. லேப்டாப் 2018இல் வாங்கியது. போன வருடம் டிஸ்பிளே உடைந்து வெளியில் கொடுத்து மாற்றினோம். சர்வீஸ் கடைக்காரர் விண்டோஸைப் புதிதாகப் போட்டு, '5ஜி ரவுட்டர்' ஒன்றும் வைக்கவேண்டும், 6,500 ரூபாய் ஆகும் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். போனில் 90 வருகிறதென்றால் லைனும் நன்றாக இருக்கிறது, மோடமும் நன்றாக இருக்கிறது. கோளாறு லேப்டாப்பில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்த அறையில் இருக்கவேண்டும். எது என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும், செலவு கிடையாது.

நீங்கள் போனை ஹாலிலும் லேப்டாப்பை உள் அறையிலும் சோதித்திருக்கிறீர்கள். இடம் வேறானால் கணக்கு ஒத்துவராது. லேப்டாப்பை ஹாலுக்குக் கொண்டுவந்து, மோடத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். சார்ஜர் போட்டிருக்கட்டும். ஆபீஸ் விபிஎன் ஏதாவது ஓடினால் நிறுத்துங்கள். டிவியில் யாரும் படம் பார்க்காத நேரமாகப் பார்த்து, போனிலும் லேப்டாப்பிலும் அடுத்தடுத்து ஒரே தளத்தில் வேகத்தைச் சோதியுங்கள். லேப்டாப்பிலும் 80க்கு மேல் வந்தால் குற்றவாளி சுவர். 30, 40 வந்தால் லேப்டாப்புக்குள் இருந்து வைஃபையைப் பிடிக்கும் வைஃபை கார்டு பழைய வகை. மோடத்துக்குப் பக்கத்திலேயே ஐந்து, பத்து என்று தவித்தால் ஆன்டெனா வயரைச் சந்தேகப்படுங்கள்.

அங்கேயே இன்னொன்றையும் பாருங்கள். செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, ஹார்டுவேர் பிராப்பர்ட்டீஸ் என்று போனால் 'நெட்வொர்க் பேண்ட்' என்ற வரியில் 2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸ் என்று, வைஃபை ஓடும் அலைவரிசை இருக்கும். 'லிங்க் ஸ்பீட்', அதாவது லேப்டாப்புக்கும் மோடத்துக்கும் நடுவிலான வேகம், 72 என்று இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. 2.4இல், வழக்கமான 20 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலத்தில், ஒரே ஆன்டெனாவோடு ஓடும் கார்டுக்கு உச்சவரம்பே 72தான். கையில் கிடைப்பது அதில் பாதி. அதே பக்கத்தில் கார்டின் பெயரும் இருக்கும். பெயரில் '802.11 பி/ஜி/என்' என்று மட்டும் இருந்தால் அந்தக் கார்டு 5 கிகாஹெர்ட்ஸை அநேகமாகப் பார்க்கவே பார்க்காது. 2018இல் வந்த விலை குறைந்த லேப்டாப் பலவற்றில் இந்தக் கார்டுதான்.

பெரம்பூர் மாதிரி நெருக்கமான தெருவில் 2.4இன் நிலைமை பரிதாபம். அதில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. நாலு பக்கத்து வீட்டு ரவுட்டர்களும், ப்ளூடூத்தும், மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில் இடித்துக்கொள்கின்றன. லேப்டாப் தன் முறை வரும்வரை காத்திருக்கிறது. ஒரு வகுப்புக்கு 3 அல்லது 4 எம்பிபிஎஸ் போதும், 9 தாராளம். அப்படியும் வீடியோ நிற்பதற்குக் காரணம் இந்தக் காத்திருப்பும் நடுவில் தொலைந்துபோகும் தரவும்தான். இன்னும் பெரிய பிளானுக்கு மாறினாலும் இது தீராது. கஸ்டமர் கேரில் கேட்டால் முதலில் பிளானைத்தான் ஏற்றச் சொல்வார்கள், கவனமாக இருங்கள்.

இனி அந்த '5ஜி ரவுட்டர்'. மோடத்தின் வைஃபை பெயருக்குப் பின்னால் '5ஜி' என்று வருவது 5 கிகாஹெர்ட்ஸைக் குறிக்கிறது. சிம் கார்டு 5ஜிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்தப் பெயர்க் குழப்பத்தில் காசு பார்ப்பவர்கள் ஊரில் நிறைய. உங்கள் போனில் 90 வருவதைப் பார்த்தால் மோடத்தில் ஏற்கெனவே 5 கிகாஹெர்ட்ஸ் இருக்கிறது என்றே தோன்றுகிறது. லேப்டாப்பால் அதைப் பிடிக்க முடியாதபோது எத்தனை கொம்பு வைத்த ரவுட்டர் வாங்கி வைத்தாலும் அதே 9தான். மோடத்தில் இரண்டு பேண்டும் ஒரே பெயரில் ஓடினால் லேப்டாப் சில நேரம் 2.4ஐயே பிடித்துக்கொண்டு தொங்கும். மோடத்தின் செட்டிங் பக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுங்கள். 5 உள்ள பெயர் போனில் தெரிந்து, பக்கத்திலேயே இருக்கும் லேப்டாப்பில் தெரியவில்லை என்றால் அநேகமாகக் கார்டு பழையது.

விண்டோஸ் புதிதாகப் போடுவது இந்த நோய்க்கு மருந்து இல்லை. படங்களும் பாடக் குறிப்புகளும் போய்விடும். அதற்கும் பில் போடுவார்கள். மென்பொருள் பக்கம் செய்யவேண்டியது கொஞ்சம்தான். வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்தே இறக்கிப் போடுங்கள். 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரத்தில் வருவதைத் தொடாதீர்கள். டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சாரம் மிச்சம் பிடிக்க அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

டிஸ்பிளே மாற்றியதாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. பெரும்பாலான லேப்டாப்பில் வைஃபை ஆன்டெனா திரையின் சட்டத்துக்குள் ஒட்டியிருக்கும். அதிலிருந்து நூல் மாதிரி கறுப்பு, வெள்ளை வயர்கள் கீலுக்குள் நுழைந்து அடிப்பக்கம் வரும். கார்டு தீப்பெட்டியைவிடச் சிறியது, 22க்கு 30 மில்லிமீட்டர். அதன் ஓரத்தில் கடுகளவில் இரண்டு தங்கநிறக் குமிழ்கள். வயர் நுனியின் உலோகத் தொப்பி அதன்மேல் 'டிக்' என்று உட்காரவேண்டும். திரை மாற்றும் அவசரத்தில் ஒரு தொப்பியை மாட்ட மறப்பார்கள், அல்லது கீலில் வயரை நசுக்கிவிடுவார்கள். லேப்டாப் ஓடும், வைஃபையும் கிடைக்கும், சிக்னல் மட்டும் பாதியாகிவிடும். திரையை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். சிக்னல் கோடு ஏறி இறங்கினால் வயர் அடிபட்டிருக்கிறது. சில மாடல்களில் இருப்பதே ஒரு வயர்தான், அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம்.

கார்டுதான் பழையது என்று தெரிந்தால் இரண்டு வழி. லேப்டாப்பைத் திறக்கவே வேண்டாம் என்றால் வெளியிலிருந்து செருகும் குட்டி வைஃபை கருவியான யூஎஸ்பி டாங்கிள். அட்டைப்பெட்டியில் 'ஏசி600' என்று இருக்கவேண்டும், 2.4க்கு 150, 5க்கு 433 என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். 'என்150' என்று போட்ட நகக்கண் அளவு டாங்கிளைத் தலையில் கட்டுவார்கள். அது இப்போது இருக்கும் கார்டைப் போலவே 2.4 மட்டும்தான், வாங்காதீர்கள்.

இரண்டாவது வழி உள்ளே இருக்கும் கார்டையே மாற்றுவது. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் போய் 'இன்டெல் வைஃபை கார்டு' என்று மொட்டையாகக் கேட்டால் ஏமாறுவீர்கள். ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 என்று பூஜ்யத்தில் முடிபவை முழுக் கார்டுகள். இன்டெல் பிராசஸரோ ஏஎம்டியோ, இரண்டிலும் போடலாம். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்று ஒன்றில் முடிபவை பாதிக் கார்டுகள். மீதிப் பாதி இன்டெல் சிப்புக்குள் இருக்கிறது. அதனால் 201க்குப் பத்தாம் தலைமுறை இன்டெல்லாவது வேண்டும். 211க்கு இன்னும் புதியது வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஸ்லாட்டிலும் உட்காரும், ஆனால் உங்கள் 2018 லேப்டாப்பில் உயிரே வராது. விலை குறைவு என்று 201ஐ நீட்டுவார்கள். வேலை செய்யவில்லை என்று திரும்பிப் போனால் 'உங்க போர்டு போச்சு சார்' என்பார்கள். போர்டு போயிருக்காது. கடைசி எண் பூஜ்யமா, அட்டைப்பெட்டியில் பார்க்காதீர்கள், கார்டின் மேலேயே பாருங்கள்.

சுவர்தான் காரணமென்றால் பூஸ்டர் வாங்காதீர்கள். ஒற்றை ரேடியோ உள்ள பூஸ்டர் தனக்கு வந்த சிக்னலை அதே அலையில் திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிறது. 9 அங்குலச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டும்போது 5 கிகாஹெர்ட்ஸும் தளர்ந்துவிடும். நடுவில் இரும்பு பீரோ இருந்தால் கேட்கவே வேண்டாம். மோடம் டிவிக்குப் பின்னாலோ செருப்பு அலமாரியிலோ இருந்தால் முதலில் வெளியே எடுத்து உயரத்தில் வையுங்கள். போதவில்லையென்றால் மோடத்திலிருந்து அறைக்கு ஒரு கேட்6 நெட்வொர்க் கேபிள் இழுத்து லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள். முழுச் செம்பு கேபிளாகக் கேளுங்கள், அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய 'சிசிஏ' வேண்டாம்.

கேபிளிலும் வேகம் குறைந்தால்தான் கம்பெனியைக் கூப்பிடவேண்டும். அப்போது புகாருக்கான டாக்கெட் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். அது இல்லாமல் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக முடியாது. தனிப்பட்ட புகாரை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் எடுத்துக்கொள்வதில்லை. 2023 வரை 512 கேபிபிஎஸ், அதாவது அரை எம்பிபிஎஸ் வந்தாலே அது பிராட்பேண்ட் என்று அரசாங்கக் கணக்கில் இருந்தது. அதன் பிறகுதான் 2 எம்பிபிஎஸ் ஆக்கினார்கள். 100க்குப் பணம் கட்டுகிறவருக்கு இதனால் என்ன பாதுகாப்பு?

கடையில் லேப்டாப்பைத் திறக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், கழற்றிய கார்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூடுவதற்கு முன் வயர் தொப்பிகள் உட்கார்ந்திருப்பதைப் போனில் படம் எடுங்கள். போன் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில் போட்டு, அதே ஹார்டுவேர் பிராப்பர்ட்டீஸ் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். பேண்ட் 5 என்றும், லிங்க் ஸ்பீட் 433 அல்லது அதற்கு மேல் என்றும் வந்த பிறகு பணத்தை எடுங்கள்.